பெட்டி பிரித்த கனவு

அம்மா மறுபடியும் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். இந்தத் தடவை, ஏர்போர்ட் வாசலில் கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிற பச்சைச் சேலைக்காரம்மாவிடம். "எங்க வீட்டுக்காரரு செத்துப்போன மாதிரி கனாக் கண்டுருக்கான் எம் மகன். விடியக்காலம். அலறிக்கிட்டு எந்திரிக்கிறான்." அந்த அம்மா என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்க்கிறார், மாப்பிள்ளை பார்க்க வந்தவர் மாதிரி. "அப்ப ஆயுசு கெட்டின்னு சொல்லுங்க" என்கிறார். "அதத்தான் நானும் சொல்றேன். பயதான் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டே திரியிறான், ஏதோ கொலை பண்ணுனவன் கணக்கா." இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். நான் கண்ணாடிக் கதவைப் பார்க்கிறேன். சிரிக்க வேண்டிய இடம் இது, சிரித்துவிடலாம், சிரித்துவிட்டால் முடிந்துபோகும். வாய் வரமாட்டேன் என்கிறது. மாமாவிடம் சொன்னாள், பால் ஊற்றுகிறவரிடம் சொன்னாள், போன் போட்டு அத்தையிடம் சொன்னாள், அத்தை அந்தப் பக்கம் குலவை போடாத குறை. அப்பாவிடம் மட்டும் சொல்லவில்லை. "போன்ல சொன்னா என்ன இருக்கு, நேர்ல சொல்லணும், அவரு மூஞ்சியப் பாத்து" என்று பிடித்து வைத்திருக்கிறாள், பூஜைக்கு எடுத்துவைத்த பழம் மாதிரி. இன்னும் கொஞ்ச நேரத்தில் அந்தக் கதவு திறக்கும், அப்பா வெளியே வருவார், அம்மா சொல்லுவாள், அப்பா என்னைத் திரும்பிப் பார்ப்பார். அதுதான். அந்த ஒரு பார்வை. அதற்கு முன்னால் எங்கேயாவது போய்விட முடிந்தால். பாத்ரூமுக்குப் போகிறேன் என்று சொன்னால் மாமா கூடவே வருவார்.

கனவை முழுசாகச் சொல்லியிருந்தால் அம்மா சிரித்திருப்பாளா. அலறினவனை உலுக்கி எழுப்பி, "என்னடா, கெட்ட கனாவா, சொல்லிரு, நாக்குல வச்சிருக்கக் கூடாது" என்றபோது பாதித் தூக்கத்தில் வாயில் வந்தது, அப்பா செத்துட்டாங்கம்மா என்பது மட்டும்தான். மீதியை விழுங்கிவிட்டேன். விழுங்கினது நெஞ்சுக்கும் தொண்டைக்கும் நடுவே மீன் முள் மாதிரி நிற்கிறது. வீட்டு நடுவில் ஒரு பெட்டி. சவப்பெட்டி இல்லை. மஸ்கட்டிலிருந்து ஒவ்வொரு லீவுக்கும் அப்பா கொண்டுவருகிற அதே அட்டைப்பெட்டி, மஞ்சள் நைலான் கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு இறுக்கினது, நாலு பக்கமும் கறுப்பு மையில் வைரக்கண்ணு, அறந்தாங்கி என்று இங்கிலீஷில் கொட்டை எழுத்தில் எழுதினது. சுற்றிலும் பெண்கள் அழுகிறார்கள். நான் பிளேடால் கயிற்றை அறுக்கிறேன். உள்ளே அப்பா, சோப்புகளுக்கும் போர்வைக்கும் ஆரஞ்சுப் பவுடர் டப்பாவுக்கும் நடுவில் காலை மடக்கிக்கொண்டு, வாய் லேசாகத் திறந்து. உதட்டில் ஒரு ஈ. ஈயைப் பார்க்கிறேன். விரட்ட வேண்டும் என்று தெரிகிறது. விரட்டவில்லை. கை வேறு வேலையில் இருந்தது. அப்பாவின் தோளை ஓரமாகத் தள்ளிவிட்டு, கீழே எனக்கு என்ன இருக்கிறது என்று துழாவிக்கொண்டிருந்தது. சென்ட் பாட்டில் தட்டுப்பட்டது, அது மாமாவுக்கு. கோடாலித் தைலம், அது அத்தைக்கு. எனக்கு, எனக்கு என்று இன்னும் ஆழமாகக் கையை விட்டபோது அப்பாவின் கை என் மணிக்கட்டைப் பிடித்தது. அதற்குத்தான் அலறினேன். துக்கத்தில் இல்லை. பிடிபட்டதில். அம்மா அதைத்தான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு வருகிறாள், எம் மகன் அப்பாவுக்காக அலறினான் என்று.

கனவு காண்கிறவனுக்கு அர்த்தம் தெரியாமல் இருப்பதுதான் நல்லது. எனக்கு அதுவும் இல்லை, நான் உளவியல் படிக்கிறவன். பிலோமினா மேடம் போன மாதம் முழுக்கக் கனவைத்தான் எடுத்தார். எதையும் உடைக்கப் பயந்தவர் மாதிரி மெதுவாகப் பேசுவார், பேசி முடித்த பிறகு பார்த்தால் எல்லாம் உடைந்து கிடக்கும். கனவென்பது மாறுவேடம் போட்டு வருகிற ஆசை, வாசலில் காவல்காரன் இருக்கிறான், அதனால் வேடம். ராஜா ராணி வந்தால் அப்பா அம்மா. ரயிலேறிப் போனால் சாவு. தண்ணீரிலிருந்து வந்தால் பிறப்பு. எதற்குள்ளே எதையாவது வைக்க முடியுமோ, பெட்டி, அலமாரி, அடுப்பு, அதெல்லாம் தாய் வயிறு. அன்றைக்கு நான் சந்தோஷமாக எழுதிக்கொண்டேன். ஹாஸ்டலில் ராத்திரிச் சாப்பாட்டு வரிசையில் எனக்கு ஒரு மதிப்பே வந்துவிட்டது. கனாக்கடை என்று பேர் வைத்தார்கள். "கனாக்கடை, நேத்து நான் ஏணியில ஏறிக்கிட்டே இருந்தேன்டா, உச்சியே வரல, அதுக்கு என்ன?" என்பான் பக்கத்து அறை ஜெரோம். "அதுக்கு உனக்குக் கல்யாணம் பண்ணி வைக்கணும்" என்பேன், தட்டுகளெல்லாம் குலுங்கும். அடுத்தவன் கனவில் கை விட்டுத் துழாவுகிறபோது எவ்வளவு சுலபமாக இருந்தது. இப்போது என் பெட்டி. அதன் கயிறு. என் கையில் பிளேடு. அம்மா ஒரு அடி தள்ளி நின்று முந்தானையால் நெற்றியைத் துடைக்கிறாள், அவளைப் பார்க்க முடியவில்லை. காலையில் அவள் வைத்த இட்லியைக்கூடத் தலையைக் குனிந்துகொண்டுதான் சாப்பிட்டேன். தட்டும் கிண்ணமும்கூட எதையாவது குறித்துவிடுமோ என்று பயமாக இருந்தது. ஒன்றைத் தெரிந்துகொண்ட பிறகு தெரியாமல் இருக்க வழியே இல்லை.

ஆனால் மேடம் இன்னொன்றும் சொன்னார். அதைத்தான் கனவு கண்ட நாளிலிருந்து பிடித்துக்கொண்டு தொங்குகிறேன். வேண்டியவர் செத்துப்போனதாகக் கனவு வந்தால் முதலில் ஒன்று கேளுங்கள், கனவுக்குள் நீங்கள் அழுதீர்களா. அழுதிருந்தால், என்றைக்கோ, சின்ன வயதில், விவரம் தெரியாத காலத்தில், அவர் இல்லாமல் போகட்டும் என்று நினைத்திருக்கிறீர்கள், அந்த நினைப்பு பாதாளத்திலிருந்து எழுந்து வருகிறது. அழவில்லை என்றால், அந்தச் சாவு வெறும் சாக்கு. கனவு கேட்கிறது வேறு எதையோ. நான் அழவில்லை. எத்தனை தடவை ஓட்டிப் பார்த்தாலும் அழவில்லை, சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் அழுதார்கள், நான் அழவில்லை. அப்படியானால் கொலைக்குற்றம் இல்லை, மேடத்தின் பாடப்புத்தகத்துத் தாடிக்கார வைத்தியர் எழுதிவைத்த சட்டப்படியே இல்லை, விடுதலை. ஹாஸ்டலுக்குத் திரும்பின பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து இப்படி யோசித்தபோது உடம்பே லேசாகிவிட்டது. அடுத்த ஸ்டாப் வருவதற்குள் மீதிப் பாதி வந்து உட்கார்ந்துகொண்டது. அப்படியானால் கனவு கேட்ட அந்த வேறு எதுவோ எது. கையை விட்டுத் துழாவினது எதற்கு. ரொம்ப நேரம் தேட வேண்டியிருக்கவில்லை, மேலாகவே கிடந்தது. பெட்டி வரட்டும். ஆள் வர வேண்டாம். அவ்வளவுதான். சாகச்சொல்லவில்லை, அந்த அளவுக்கு ஆளை நினைக்கவே இல்லை. கொலைகாரனுக்காவது கொல்லப்படுகிறவன் முக்கியம்.

சின்ன வயதில் அப்பா வருகிற நாள் என்றால் பெட்டி பிரிக்கிற நாள். அப்பாவேதான் பிரிப்பார், யாரையும் தொடவிடமாட்டார், முடிச்சை அவிழ்க்கமாட்டார், பிளேடால் ஒரே இழுப்பு. வீடே வேறு நாட்டு வாசனை அடிக்கும். அன்றைக்கு ராத்திரி அம்மா என் தலையணையை எடுத்துத் தாத்தா கட்டிலில் போடுவாள். "இன்னைக்குத் தாத்தாகூடப் படுத்துக்க, கதை சொல்லுவாங்க." கதை கேட்டு வளர்ந்த பிள்ளை, அதான் அதிர்ந்து பேசமாட்டேங்கிறான் என்று என்னைப் பற்றி ஊரில் சொல்வார்கள். எதற்காகக் கதை சொன்னார்கள் என்று யாரும் சொல்வதில்லை. அப்பா இருக்கிற வரைக்கும் கதை உண்டு, அப்பா திரும்பிப் போன அன்று தலையணை அம்மா பக்கத்துக்கு வந்துவிடும், கதை நின்றுபோகும், பெட்டிச் சாமான்கள் மட்டும் கொஞ்ச நாளைக்கு இருக்கும். ஆள் போய்ப் பெட்டி இருக்கிற நாட்கள்தான் என் நல்ல நாட்கள். தாத்தா சொன்ன கதைகளில் ஒன்று அடிக்கடி வருகிறது இப்போது. ஒரு சட்டிபானை விற்கிறவன், தன் கூடப்பிறந்த தம்பியையே கூடையில் வைத்து விற்றுவிட்டதாகக் கனாக் காண்கிறான். வெட்கம். ஆளிடம் சொன்னால் பலித்துவிடும், சொல்லாவிட்டால் வயிறு வெடித்துவிடும். ஊர்க் கிணற்றடிக்குப் போய்க் குனிந்து கிணற்றிடம் சொல்லிவிட்டு வந்தான். மறுநாளிலிருந்து அந்தத் தண்ணீரைக் குடித்தவனுக்கெல்லாம் அதே கனா. அவனவன் தம்பியை அவனவன் விற்கிறான். ஒருத்தன் மூஞ்சியை ஒருத்தன் பார்க்க முடியவில்லை, சந்தையில் தலை நிமிர்ந்து விலை கேட்க ஆளில்லை. "அப்புறம் தாத்தா?" "அப்புறம் என்ன, கெணத்த எறைச்சுப் பாத்தாங்க." "என்ன இருந்துச்சு?" "என்ன இருக்கும், சேறுதான்." அப்போது அது என்ன கதை என்று கோபம் வந்தது. இப்போது இந்தக் கம்பித் தடுப்பை ஒட்டி நிற்கிற ஒவ்வொருத்தரையும் பார்க்கிறேன். மாலை வைத்திருக்கிறவன், பலூன் பிடித்திருக்கிற சின்னப் பெண், பச்சைச் சேலைக்காரம்மாவோடு வந்திருக்கிற, என் வயசுதான் இருக்கும், அந்தப் பையன். அவனும் கதவைப் பார்ப்பதுபோலத் தரையைப் பார்க்கிறான். இவர்களில் எத்தனை பேர் அந்தக் கிணற்றில் குடித்தவர்கள்.

லீவுக்கு வருகிறார் என்றால்கூடப் பரவாயில்லை. எத்தனை நாள் என்று தெரியும், நாளை எண்ணிக்கொண்டு நல்ல பிள்ளையாக இருந்துவிடலாம். இந்தத் தடவை விசாவை முடித்துக்கொண்டு வருகிறார். தண்ணி லாரி ஓட்டுகிறவருக்கு முதுகு போய்விட்டால் கம்பெனிக்கு என்ன வேலை. இனி இங்கேதான். "இனிமே மச்சான் ராஜா மாதிரி வீட்ல கெடக்கட்டும்" என்று மாமா பாண்டித்துரை வழியெல்லாம் வேன் ஓட்டிக்கொண்டே சொன்னார், என்னைக் கண்ணாடியில் பார்த்து, "மாப்ள, ஒன் ஆட்சி கலைஞ்சுச்சுடா" என்றார். விளையாட்டுக்குத்தான் சொன்னார். மாமாவுக்கு எல்லாமே விளையாட்டு. கிருதாவரைக்கும் சூடேறினது எனக்கு. நான் ஹாஸ்டலுக்குப் போன பிறகும், கரண்டு பில்லிலிருந்து கல்யாணம் காட்சிக்குப் போகிறவரைக்கும் எல்லாம் நானும் அம்மாவும்தான், பைக்கில் அம்மா பின்னால் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொள்ளுவாள், டிவிக்கு எதிரே இருக்கிற பிளாஸ்டிக் நாற்காலி என்னுடையது. அந்த நாற்காலியை நேற்றே அம்மா தேய்த்துக் கழுவி வெயிலில் காயவைத்துவிட்டாள். அப்பாவுக்கு. என்ன கேவலம் இது, ஒரு நாற்காலி. அந்த மனுஷன் பாலைவனத்தில் லாரிக்குள் வெந்து அனுப்பின காசில்தான் நான் கனவைப் பற்றிப் படிக்கிறேன். அவர் எங்களையெல்லாம் விட்டு அங்கே கிடந்தபோது என்ன கனாக் கண்டிருப்பார் என்று ஒருநாளாவது கேட்டிருக்கிறேனா. ஜெரோமின் ஏணியைக் கேட்டேன். போனில் அப்பா, "சாப்பிட்டியா தம்பி" என்பார், "சாப்பிட்டேன்ப்பா, அம்மாட்ட குடுக்குறேன்" என்பேன். இதைத் தவிர நாங்கள் பேசினதாக ஒன்றும் நினைவில் இல்லை.

"எறங்கிருச்சுடோய்" என்கிறார் மாமா. கதவு திறந்து திறந்து மூடுகிறது. வெளியே வருகிறவர்களுக்கு முன்னால் அவர்கள் பெட்டிகள் வருகின்றன, பெட்டியில் பேர் வருகிறது, பேருக்குப் பின்னாலிருந்து ஆள் எட்டிப் பார்க்கிறான். அப்துல் கரீம், தொண்டி. ஞானப்பிரகாசம், ராம்நாடு. ஒவ்வொரு பேருக்கும் தடுப்பில் ஒரு இடம் அலறுகிறது. மஞ்சள் நைலான் கயிறு தெரிகிறது. அதே எழுத்து, கறுப்பு மை, வைரக்கண்ணு, கடைசியில் இடம் போதாமல் கீழே இறங்கின எழுத்துக்கள். தள்ளுவண்டியின் பின்னால் யாருமே இல்லை. இல்லை, இருக்கிறார், குனிந்து தள்ளுகிறார், முதுகுக்கு பெல்ட் போட்டிருக்கிறார், நிமிர முடியாமல் பெட்டிக்குக் கீழேயே தலை நின்றுவிட்டது. இவ்வளவு குள்ளமாகவா இருந்தார். அம்மா ஓடுகிறாள், ஓடினவள் ஒரு அடிக்கு முன்னால் நின்றுவிட்டு, கட்டிக்கொள்ளத் தெரியாமல் அவர் சட்டைக் காலரைச் சரிசெய்கிறாள். மாமா கட்டிக்கொள்கிறார். நான் தள்ளுவண்டியின் கம்பியைப் பிடித்துக்கொள்கிறேன், பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும்.

"ஏங்க, ஒங்க மகன் கனாக் கண்டுருக்கான்" என்கிறாள் அம்மா. மூச்சு வாங்குகிறது, இருந்தும் அவளால் பொறுக்க முடியவில்லை. "நீங்க செத்துப்போயிட்ட மாதிரி. அலறிட்டான் புள்ள." அப்பா திரும்புகிறார். பல் வரிசையில் ஒன்று இல்லை, எப்போது போயிற்று என்று எனக்குத் தெரியாது. "அப்ப இன்னும் ரொம்ப நாளைக்கு ஒங்களுக்குத் தொந்தரவுதான்" என்கிறார். மாமா பெரிசாகச் சிரிக்கிறார். முடிந்தது, தப்பித்தேன், இவ்வளவுதானா என்று நான் வண்டியைத் திருப்புகிறபோது அப்பாவின் கை வந்து என் மணிக்கட்டின் மேல் விழுகிறது. பிடிக்கவில்லை, சும்மா வைத்தார். காய்ந்துபோன கை, தேங்காய் மட்டை மாதிரி. என்னைப் பார்க்காமல், பெட்டியைப் பார்த்துக்கொண்டே, தணிந்த குரலில் கேட்கிறார். "அழுதியா தம்பி?" மேடம் கேட்கச் சொன்ன அதே கேள்வி. உலகத்தில் இந்த ஒரு கேள்விக்குத்தான் நான் ராத்திரி பகலாகப் பதில் வைத்திருந்தேன், இல்லை, அழவில்லை, என் விடுதலைப் பத்திரம் அது. அதை இவரிடம் நீட்ட முடியாது. இவர் சட்டம் வேறு. எங்கேயோ லேபர் கேம்ப்பில் இரும்புக் கட்டிலில் படுத்துக்கொண்டு, நாம் செத்தால் அங்கே அழ ஆளிருக்குமா என்று யோசித்துப் பார்த்த ஒருத்தர் கேட்கிற கேள்வி அது. குரலிலேயே தெரிகிறது. "அழுதேன்ப்பா" என்றேன். என் காதுக்கே கேட்காத குரலில். அப்பாவுக்குக் கேட்டுவிட்டது. "தவமணி, கேட்டியா, அழுதானாம்" என்று அம்மாவிடம் சொன்னார். பிறகு மாமாவிடம், மாமா பக்கத்தில்தான் நிற்கிறார், அவருக்கும் கேட்டிருந்தது, இருந்தாலும் தனியாக, "அழுதுருக்கான்யா" என்றார். மஸ்கட்டிலிருந்து அவர் கொண்டுவந்தது எதையும் அவ்வளவு பத்திரமாகப் பிடித்துக்கொண்டு அவர் நடந்து நான் பார்த்ததில்லை. பெட்டியை நான் தள்ளினேன்.

வேனில் நானாகவே பின்சீட்டுக்கு ஏறிப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். நடுசீட்டில் அம்மாவும் அப்பாவும். "வீட்டுக்குப் போனதும் நீயே பிரி தம்பி, எனக்குக் குனிய முடியாது" என்றார் அப்பா. "பிளேடு இருக்குல்ல?" இருக்குப்பா என்றேன். அட்டையின் மேல் கை வைத்தால் ஜில்லென்று இருந்தது. அழுதேன் என்று சொன்னதை உண்மையாக்கிவிடலாம் என்று கண்ணை இறுக்கிப் பார்த்தேன், இப்போது அழுதாலாவது கணக்கில் சேருமா என்று. வரவில்லை. திருமயம் தாண்டினதும் பேச்சுக் குறைந்தது. அம்மா ஜன்னலில் சாய்ந்தாள். அப்பாவின் தலை பின்னால் விழுந்து சீட்டின் முதுகில் தொங்கியது, முகம் கூரையைப் பார்க்க, என் மடிக்கு மேலே, தலைகீழாக. வாய் லேசாகத் திறந்திருந்தது. அதே வாய். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். புளியமரங்கள் போயின. திரும்பவும் பார்த்தேன். நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று தெரியவில்லை, வேன் குலுக்கலில் எல்லாமே ஏறி இறங்கியது. தொண்டையைப் பார்த்தேன், அசையவில்லை. மாமாவைக் கூப்பிடலாமா என்று வாயைத் திறந்தேன், என்னவென்று கூப்பிடுவது. கையை நீட்டி, விரலை அவர் மூக்குக்கு நேரே கொண்டுபோய் வைத்தேன். சூடாக, பீடி வாசனையோடு, வந்தது. போனது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. மறுபடி வந்தது. "என்ன தம்பி?" என்றார் அப்பா, கண்ணைத் திறக்காமலே. விரல் அங்கேயே நின்றுவிட்டது. "ஒண்ணுமில்லப்பா, ஈ." "ம். ஓட்டு" என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனார். கண்ணாடியெல்லாம் ஏற்றியிருந்தது, வேனுக்குள் ஈ எதுவும் இல்லை. அறந்தாங்கி வரும்வரைக்கும், அவர் முகத்துக்கு மேலே மெதுவாக, தூக்கம் கலையாதபடி, அதை ஓட்டிக்கொண்டே வந்தேன்.